உபதேசியார் தாண்டும் சுவர்

ரூபன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உபதேசியார் சுவர் மேல் ஏறி நின்றார். துவைக்கிற கல்லுக்கு ஒரு தாவு, அங்கிருந்து காம்பவுண்டுச் சுவருக்கு ஒரு தாவு. அவ்வளவு கனத்த உடம்பு எப்படி எழும்புகிறது என்று தினமும் தோன்றும். சுவர் மேல் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்றும் தினமும் எதிர்பார்ப்பான். பார்க்காது. அன்றும் பார்க்காமல் அந்தப் பக்கம் குதித்தது.

"மாப்ள வந்தாச்சுங்கோ," என்றாள் அடுத்த வீட்டு வர்ஷினி, உள்ளே இருக்கும் புருஷனுக்குக் கேட்கும்படி. "மாமா, வெளிய வாங்க."

"சீர் கேக்கத்தான் வந்திருப்பாரு, கதவச் சாத்து," என்றான் சபரீஷ். இருவரும் சிரித்தார்கள்.

ரூபன் நுரையைத் துப்பினான்.

அதன் பெயர் மாப்பிள்ளை இல்லை. உபதேசியார். அந்த ஆண் வான்கோழிக்குப் பெயர் வைத்தவள் அவன் மனைவி கிருபா. தாடைக்குக் கீழே சிவப்புச் சதை தொங்க, நெஞ்சை முன்னால் தள்ளி, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு நடக்கும். எந்தச் சத்தம் கேட்டாலும் உடனே எதிர்ச்சத்தம் கொடுக்கும். சூலூர் விமானதளத்திலிருந்து எழும்பும் விமானத்துக்கும் விடாது. "எங்க ஊர்ச் சர்ச்சு உபதேசியாரேதானுங்க. கோயில்ல ஆராச்சும் தும்முனாக்கூட அதுக்கு ஒரு பிரசங்கம் வெப்பாரு," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வாங்கி வந்தது ரூபன்தான். கிறிஸ்துமஸ் கறிக்கென்று ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு குஞ்சுகள், ஒன்று ஆண், ஒன்று பெட்டை. கிருபா பெட்டிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். வான்கோழிக் குஞ்சுக்குத் தின்னத் தெரியாது. தீனியின் நடுவில் நின்றுகொண்டே பட்டினி கிடந்து சாகும். அவள் தட்டில் கலர் கோலிக்குண்டுகளைப் போட்டு, மேலே வேகவைத்த முட்டையை உதிர்த்துத் தூவினாள். குஞ்சுகள் பளபளப்பைக் கொத்தின. கொத்திய வாயில் முட்டை ஒட்டியது. அப்படித்தான் தின்னப் பழகின. கிறிஸ்துமஸ் வந்தபோது அவள் கடையில் பிராய்லர் கோழி வாங்கிவரச் சொன்னாள். அவன் போய் வாங்கி வந்தான்.

அந்தக் காலத்தில் அவனுக்கு உபதேசியார் மேலேயே பொறாமை இருந்தது. வெளியில் சொல்லக்கூடிய பொறாமையா அது. முட்டை முதலில் அதற்கு, பிறகுதான் அவனுக்கு. அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தால் உபதேசியார் வந்து கழுத்தை அவள் மடியில் நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். "அங்கிருந்தே மொறைக்காதீங்க. இந்தப் பக்கத்து மடி காலியாத்தான் இருக்குது," என்பாள். அவன் போகவில்லை. போயிருக்கலாம்.

போன மழைக்காலத்தில் கிருபாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு ஆஸ்பத்திரி, பிறகு கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. அவன் மட்டும் வீடு திரும்பினான்.

பம்ப் கம்பெனியில் அவனுக்கு எப்போதும் இரண்டாவது ஷிப்ட். வான்கோழிகளுக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மக்காச்சோளம், அகத்திக்கீரை, மாற்றிய தண்ணீர், கூட்டிய கொட்டகை. பெட்டை சட்டென்று பழகிவிட்டது. உபதேசியார் தின்பார், நிமிர்ந்து முகம் பார்க்க மாட்டார். வாலை விரித்து மாதக்கணக்கில் ஆயிற்று. அதற்கும் துக்கம் இருக்கிறது என்று ரூபன் நினைத்தான். அந்த நினைப்பில் ஒரு துணை இருந்தது. இந்த வீட்டில் கிருபாவை நினைக்கிறவர்கள் இன்னும் இரண்டு பேர், அவனும் அதுவும்.

தை பிறந்ததும் அடுத்த வீட்டுக்குச் சோமனூரிலிருந்து ஒரு புது ஜோடி குடி வந்தது. வந்த வாரமே உபதேசியார் சுவர் தாண்டினார். தாண்டிய இடத்தில் வாலை விரித்தார்.

துக்கமெல்லாம் அவ்வளவுதானா என்று ரூபன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். வர்ஷினி முன்னால் அதன் தலை சிவந்து, நீலமாகி, உச்சி மட்டும் வெள்ளை பாய்ந்து நிறம் மாறும். சிறகைத் தரையில் கிழித்துக்கொண்டு அவளைச் சுற்றி வரும். சபரீஷ் அதே நடையை நடித்துக் காட்டுவான். அவள் அவன் முதுகில் ஒரு அடி வைப்பாள். பிறகு வீட்டுக்குள் பாத்திரச் சத்தம், டிவி, சண்டை, சிரிப்பு. இந்தப் பக்கம் ரூபனின் வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. சாப்பாடு மெஸ்ஸில். துணி லாண்டரியில்.

ஒருநாள் வர்ஷினி பின்வாசல் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் கழுத்தை அவள் மடியில் நீட்டி வைத்தார். கண்ணை மூடினார்.

ரூபன் ஜன்னலைச் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. போய் நாளாகிவிட்டது. போனில் ஒரு வீடியோ பார்த்தான். ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை மட்டும் வெட்டினால் பறவையால் எழும்ப முடியாது, நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது என்று ஒருவர் சொன்னார். கிருபாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். அணைத்துப் பிடித்தபோது உபதேசியார் திமிறவில்லை. அவன் மார்பில் அதன் நெஞ்சு சூடாக அடித்துக்கொண்டது. இத்தனை நாளில் முதல்முறையாகக் கைக்குள் நின்றது. அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெட்டினான்.

பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கிற சமயம் அது. வளரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். வீடியோவில் அதையும் சொல்லியிருக்கலாம், அவன் பாதியில் நிறுத்திவிட்டான். ரத்தம் அவன் சட்டை, துவைக்கிற கல் எல்லாவற்றிலும் தெறித்தது. உபதேசியார் அலறிக்கொண்டு ஓடினார். பெட்டை சிவப்பைப் பார்த்துவிட்டு அந்தச் சிறகையே துரத்தித் துரத்திக் கொத்தியது.

சபரீஷ் சுவரேறிக் குதித்தான். பின்னாலேயே வர்ஷினி மஞ்சள் டப்பாவோடு வாசல் வழியாக ஓடி வந்தாள்.

"என்னங்ணா ஆச்சு? நாய் கடிச்சிருச்சா?" என்றாள்.

"நான்தான். சிறகை வெட்டினேன்."

"எதுக்குங்ணா?"

ரூபன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "உங்க வீட்டுக்கு வருதுன்னு."

வர்ஷினி தரையில் உட்கார்ந்து அதை மடியில் இழுத்துக்கொண்டாள். மஞ்சளை வைத்து அழுத்திப் பிடித்தாள். "ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல கண்ணு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அடங்கியது. தன் கைக்குள் நின்றதைவிட அவள் மடியில் சீக்கிரம் அடங்கியது என்பதை, அந்த ரத்தத்துக்கு நடுவிலும், ரூபன் கவனித்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நானே தொரத்தி உட்டிருப்பனேங்ணா," என்றாள் அவள், நிமிராமல்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காயம் ஆறுற வரைக்கும் பெட்டைகூட உடாதீங்க. ஊட்டுக்குள்ளயே வெச்சுக்குங்க," என்றான் சபரீஷ். இந்த முறை வாசல் வழியாகப் போனான்.

மறுநாள் காலை உபதேசியார் பின்கட்டில் சாக்கு மேல் படுத்திருந்தார். ரூபன் இரவெல்லாம் சரியாகத் தூங்கவில்லை, அதனால் சீக்கிரமே எழுந்துவிட்டான். சோளம் வைத்தான். தொடவில்லை. கீரை வைத்தான். தொடவில்லை.

அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

உபதேசியார் தலையைத் தூக்கிப் பதில் கூவினார். எழுந்தார். பின்கதவு திறந்துதான் கிடந்தது. ஓடிப்போய்ச் சுவரில் மோதிக்கொள்ளும் என்று ரூபன் குறுக்கே நின்றான். அது கதவுப் பக்கமே வரவில்லை. வெட்டுப்பட்ட சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனது. மேடைக்குக் கீழே, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த கிருபாவின் குக்கரைக் கொத்தியது. மறுபடி விசில். மேலே தூசி படிந்த அடுப்பை அண்ணாந்து பார்த்துக் கூவியது. கூவிவிட்டு அலகைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

ரூபன் சுவரோரம் போனான். வர்ஷினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத நாள் அது எப்படி வந்துச்சு உங்க வீட்டுக்கு?"

"நாங்க கூப்பிடலைங்ணா, சத்தியமா," என்றாள் அவள். "குக்கர் விசில் வந்துது. இவன் பதில் சொல்லிட்டுச் சுவத்து மேல வந்து நின்னான். நான் குக்கரத் தெறந்ததும் கீழ குதிச்சு, நேரா சமையக்கட்டுக்கு வந்து வாயப் பொளந்துட்டு நிக்கறான். பயந்துபோட்டேன். ஒரு கரண்டி சோத்த ஆத்திப் போட்டேன், தின்னான். அப்புறம் தெனமும் அதே மாதிரிதானுங்க." துணியை உதறினாள். "ஏனுங்ணா, அண்ணி அப்படிப் போடுவாங்களா?"

"தெரியல."

அது உண்மை. நள்ளிரவில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் வெயில் ஏறித்தான் எழுவான். கிருபா அவன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கதவிடுக்கில் துணியையும் திணித்துவிட்டுத்தான் குக்கர் வைப்பாள், விசில் அவனை எழுப்பிவிடக் கூடாதென்று. "உபதேசியாருக்குப் படைச்சாச்சு, இனி உங்களுக்குத்தான்," என்று தட்டை வைப்பாள். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருந்தான். அவன் தூங்கிய காலைகளிலெல்லாம் அந்த வான்கோழி அவளோடு இருந்திருக்கிறது. அதை இப்போது அடுத்த வீட்டுக்காரி வந்து அவனிடம் சொல்கிறாள்.

உள்ளே போய்க் குக்கரைக் கழுவினான். அரிசி போட்டான். தண்ணீர் கணக்கு தெரியவில்லை, விரலை வைத்துப் பார்த்து ஊற்றினான். அடுப்பைப் பற்றவைத்தான். உபதேசியார் அருகிலேயே நின்றார். ஆவி மூடியைச் சுற்றி நாலாபக்கமும் சீறியதே தவிர விசில் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையம் காய்ந்து விரிந்திருந்தது.

மறுபடி சுவரோரம் போக வேண்டியிருந்தது.

"கேஸ்கெட் ஒண்ணு இருக்குமா?"

"எத்தன லிட்டருங்ணா?"

"தெரியல."

"மூடியக் கொண்டாங்க, வெச்சுப் பாக்கலாம்."

சபரீஷ் டீ டம்ளரோடு வந்து நின்றான். "மாப்ளைக்கு விருந்துங்களாங்ணா? எனக்கும் ஒரு எல போடுங்க. இங்க கெடைக்கறத வெளிய சொல்ல முடியாது."

"சொல்லித்தான் பாருங்களேன்," என்றாள் வர்ஷினி, உள்ளே போய்க்கொண்டே. கொண்டு வந்த வளையம் பொருந்தியது. "மாப்ள இப்பத் தின்னானுங்களா?"

"அது பேரு உபதேசியார்," என்றான் ரூபன்.

அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "நல்லாருக்குதுங்ணா." பிறகு சுவருக்கு மேல் எட்டி, "உபதேசியாரே," என்று கூப்பிட்டாள்.

ரூபனின் சமையலறையிலிருந்து பதில் வந்தது, கணீரென்று.

பெயரைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று பட்டது அவனுக்கு.

விசில் அடித்தபோது உபதேசியார் போட்ட கூச்சலில் மேடைமேல் கிடந்த டம்ளர் அதிர்ந்தது. சோறு குழைந்து களியாகியிருந்தது. ரூபன் தட்டில் பரப்பி விசிறினான். ஆறியதும் கரண்டியில் எடுத்து நீட்டினான். தின்றது. இன்னொரு கரண்டி. அதையும் தின்றது. அவன் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான். அது அவன் மடியை ஒரு பார்வை பார்த்தது, அலகைத் தரையில் தேய்த்துத் துடைத்தது, சாக்குக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

இறகு திரும்ப முளைக்கும். முளைத்ததும் சுவரேறும். அந்தப் பக்கம் குக்கர் இருக்கிறது, மடி இருக்கிறது, இப்போது பெயரும் இருக்கிறது.

அடுத்த நாள் அவன் இருட்டோடு எழுந்தான். ஜன்னலைத் திறந்து பார்த்தான். வர்ஷினி வீட்டில் இன்னும் விளக்கு எரியவில்லை, குக்கரும் ஏறியிருக்காது. சத்தம் போடாமல் அரிசியைக் களைந்தான். தண்ணீரை நேற்றைவிடக் குறைத்தான். மூடியைத் திருகி, விசில் குண்டை வைத்து, அடுப்பைப் பற்றவைத்தான்.

சாக்கு மேல் ஒரு தலை நிமிர்ந்தது. ரூபன் நெருப்பைக் கூட்டினான்.