இத்தோவின் பார்லி

புருஷன் என்னைத் தள்ளி வைத்தபோது ஊர் அழுதது. அப்பாவின் நிலத்தில் நான் ஏர் பூட்டியபோது அதே ஊர் வயிறெரிந்தது. எனக்கு இரண்டும் தேவையில்லை. அப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. அவர் போனதும் வாய்க்காலோரத்து நிலத்தைத் தன்னுடையதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று அவருடைய அண்ணன், என் பெரியப்பா ஹத்து, காத்திருந்தார். அப்பா இறந்த வருஷமே, பெரியப்பா கை வைப்பதற்குள் நான் திரும்பி வந்து பார்லி விதைத்துவிட்டேன்.

விதைத்தபோது சிரித்தார். கதிர் முற்றியதும் சிரிப்பு போய்விட்டது. வெள்ளித் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களை நிறுத்தி, "அவ வயலுக்கு எவனும் துவீஸா போகக் கூடாது. அது வீடே இல்ல, வெறும் பொம்பள," என்றாராம்.

துவீஸா இல்லாமல் எங்கள் மலையில் அறுவடை கிடையாது. வீட்டுக்கு ஓர் அரிவாள் என்று எல்லாருமாக ஒருவர் வயலில் இறங்குவோம், மறுநாள் அடுத்தவர் வயல். கூலி கிடையாது. நீ எனக்கு ஒரு நாள் உழைத்தால் நான் உனக்கு ஒரு நாள் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் வராத வயலைக் கல்மழைதான் அறுக்கும். பட்டினியில் நானே கையேந்தி வருவேன், நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

அடப்பாவி மனுஷா, பார்க்கலாம் என்று பெரியப்பா வயலில் துவீஸா நடந்த அன்று நானே கிளம்பினேன். வெட்டுப் படாமல் இருக்க விரல்களில் நாணல் குழல் மாட்டிக்கொண்டு, அரிவாளோடு ஆண்கள் வரிசையில் போய் நின்றேன். எங்கள் ஊரில் பெண்கள் கட்டுக் கட்டலாம், கழுதையில் ஏற்றலாம். அறுக்கிற வரிசையில் நிற்பது கிடையாது.

பக்கத்தில் நின்றவன் லஹ்சென், ஊருக்கே வாயாடி. "என்ன இத்தோ, வழி தவறிட்டியா? கட்டுக் கட்டுறவங்க அந்தப் பக்கம்."

"நீ அறுக்கிற லட்சணத்துக்கு உன்னத்தான் அங்க அனுப்பணும். குனி."

பெரியப்பா வந்து நின்றார். "யாருடி உன்னக் கூப்பிட்டா?"

"துவீஸாவுக்கு யார் யாரக் கூப்பிடுவாங்க பெரியப்பா? அரிவாளோட வந்தவங்களத் துரத்தலாம்னா துரத்துங்க."

துரத்த முடியாது. அப்படித் துரத்திய வயலில் அடுத்த வருஷம் விளையாது என்று நம்புகிறவர் அவர். பகல் முழுக்க அறுத்தேன். இடுப்பு கழன்றுபோனது. நிமிர்ந்தால் கேலி பேசுவார்கள் என்று நிமிரவே இல்லை. ரக்கியா பெரியம்மா ரொட்டியும் மோரும் கொண்டுவந்தாள். என் ரொட்டியில் மட்டும் வெண்ணெயை அள்ளி வைத்தாள்.

சாயங்காலம் வயல்காரர் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, "உன் நாள் என் கழுத்துல," என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நாளைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பெரியப்பாவுக்கு நல்ல விளைச்சல் கண்ட சந்தோஷம். களத்தில் குவிந்த கட்டுகளைப் பார்த்துக்கொண்டே, முகம் பார்க்காமல் தோள் தோளாகத் தொட்டு வந்தார். என் தோளையும் தொட்டார். சொல்லியும் விட்டார்.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்கு என் வயல் பெரியப்பா," என்றேன்.

"அது வாய் தவறி வந்தது."

"அப்ப எங்களுக்குச் சொன்னது மாமா?" என்றான் லஹ்சென். "அதுவும் வாய் தவறித்தானா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் வந்துவிட்டார். வராவிட்டால் இனி அவர் பேச்சை எவன் நம்புவான்? அவரே வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். மேற்கே மலைக்கு மேல் கல்மழை மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் குனிங்கப்பா," என்று அரிவாளை நீட்டினார். நான் கதிருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

முதல் கதிரை அறுக்கும் முன் வரிசையில் மூத்தவர் "யார் வீட்டு வயல்?" என்று உரக்கக் கேட்பார், வயல்காரர் பதில் சொல்வார். எந்த வயலிலும் அப்படித்தான். அன்றைக்கு மூத்தவர் அவர்.

"கேளுங்க பெரியப்பா."

"நாளத் திருப்பித் தர வந்தேன். அதெல்லாம் கேக்க வரல."

"கேக்காம என் கதிர்ல அரிவாள் படாது."

"மொத்தமும் கொட்டிப் போயிடும் இத்தோ." லஹ்செனின் குரலில் கேலி இல்லை. "அறுத்துட்டு அப்புறம் சண்ட போடு."

அப்புறமா? அப்புறம் அது பெரியப்பா போட்ட பிச்சையாகிவிடும். அடுத்த வருஷம் அவர் ஏர்தான் இங்கே இறங்கும். ஒரு வருஷச் சாப்பாடு என் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஆனால் நகரவில்லை. முதல் கல் லஹ்செனின் தொப்பியில் விழுந்தது.

பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழல," என்றேன்.

"யார் வீட்டு வயல்?" என்று பள்ளத்தாக்கே கேட்கக் கத்தினார்.

"இத்தோ வீட்டு வயல்."

வெறி பிடித்த மாதிரி அறுத்தோம். அப்படியும் பாதியைக் கல்மழை தரையோடு அடித்துப் போட்டது. அடுத்த சந்தையன்று பெரியப்பா சந்தோஷம் தாங்காமல் கடை கடையாகப் போய், "கேட்டீங்களா, இத்தோ வயல்ல பாதி போச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சொல்லட்டும். இத்தோ வயல் என்று இன்னும் நாலு கடையில் போய்ச் சொல்லட்டும்.