பாப்போம்

ஏசியை அணைத்த பிறகுதான் அவள் மைக்கைத் திறப்பாள். கீழே டயர் கடை. அங்கே காற்றடிக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கினால் அது ஓயும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்குமான தொலைபேசிக் குரல்களை அவள் இந்த மாடி அறையில்தான் பதிவு செய்கிறாள். 'தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்' என்பதைப் பல பேர் வாயால் கேட்டுக் கேட்டு, நேரில் யாராவது 'கொஞ்சம் இருங்க' என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மதியம் தம்பி வந்திருந்தான். அம்மாவையும் காரில் அழைத்து வந்திருந்தான். அவன் சினிமாவைப் பற்றிப் பேசி இணையத்தில் காணொளி போடுகிறவன். அந்த நிகழ்ச்சிக்கு 'இடைவேளை' என்று பெயர். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட 'இடைவேளை அண்ணா' என்று கூப்பிட்டு அவனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவனுடைய காணொளிகளுக்கு ஒலியைச் சீர் செய்து தருகிறவள் அக்காதான். அதை அவன் 'வீட்டு வேலை' என்று சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

இந்தக் காணொளி மறுநாள் காலையில் வெளியாக வேண்டியது. அவர்கள் சிறு வயதில் வந்து, பின்னால் இழுத்து மூடப்பட்ட ஒரு திரைப்படச் சேனலைப் பற்றியது. சாதாரணக் கேபிள் இணைப்பில் அது வராது. தனிச் சந்தா கட்ட வேண்டும். ஒரு பெட்டி தருவார்கள், பெட்டியின் வாயில் செருக ஒரு அட்டை தருவார்கள். செருகினால் புத்தம்புதுப் படங்கள் விளம்பரமே இல்லாமல் ஓடும். அட்டையை உருவிவிட்டால் திரை முழுக்கக் கோடு கோடாக நெளியும். ஒலி மட்டும் ஒழுங்காக வரும். தெருவில் அது அவர்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. கார்டு சேனல் என்பார்கள்.

அந்தச் சேனலின் முகப்பு இசையை யாரோ தேடிப்பிடித்து இணையத்தில் போட, ஒரே வாரத்தில் ஊரே அதைக் கேட்டு உருகிக்கொண்டிருந்தது. தம்பியும் உருகித்தான் எழுதியிருந்தான். பதிவறைக் கண்ணாடித் தடுப்புக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, குரலைச் சற்றுத் தாழ்த்தி வாசித்தான். 'ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிஞ்சு நாம எல்லாரும் ஹால்ல. அந்த மியூசிக்ல மொதல்ல மூணு மணியோசை கேக்கும். நாம அத்தனை பேரும் கப்சிப்.'

அவள் பதிவை நிறுத்தினாள்.

"நாம இல்லடா. நாங்க."

அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முகத்தைச் சுளித்தான். 'நாம' என்றால்தான் பார்க்கிறவர்களும் அதற்குள் வருவார்கள், 'நாங்க' என்றால் அவர்களை ஒதுக்கி வைத்த மாதிரி இருக்கும் என்று விளக்கினான். மொழியைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுக்கும் தொனி அதில் இருந்தது.

"ஒதுக்கித்தானே வச்சீங்க," என்றாள்.

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதுதான் அவளை எரித்தது. வேண்டுமென்றே புளுகுகிறவனாக இருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் இருந்தது மூன்று பேர். அப்பா, சித்தப்பா, தம்பி. திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெண்பிள்ளை இருக்கிற வீடு, எந்தப் படத்தில் என்ன வரும் என்று தெரியாது என்பது அப்பாவின் நியாயம். பெண்பிள்ளைக்குப் பதிமூன்று வயது. உள்ளே அப்பாவின் மடியில் சாய்ந்திருந்த ஆண்பிள்ளைக்கு ஏழு. அந்தப் படங்களில் அவனை எதுவும் செய்யாதது அவளை என்ன செய்துவிடும் என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா அப்பாவிடம் கேட்கச் சொன்னாள்.

கேட்டாள். "பாப்போம்," என்றார் அப்பா.

அவர் மறுத்ததே கிடையாது. கத்தவும் மாட்டார். அடுத்த வாரம் நானும் பார்க்கட்டுமா என்றால் பாப்போம். பரீட்சை முடிந்ததும் பார்க்கட்டுமா என்றால் பாப்போம். லீவு விடட்டும், பாப்போம். நேராக முடியாது என்றிருந்தால் அழுது சண்டை போட்டிருக்கலாம். பாப்போம் என்று சொல்கிறவரோடு எந்த மூலையில் நின்று சண்டை போடுவது?

தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு அவள்தான் ஹாலுக்குள் போவாள். இரண்டு கையும் தட்டில் இருப்பதால் முழங்கையால் கதவைத் தட்டுவாள். கதவு திறப்பதற்குள் ரிமோட்டில் சேனல் மாறிவிடும். திரையில் செய்தி வாசிப்பவர் இருப்பார். மூன்று பேரும் நாட்டு நடப்பில் மூழ்கியிருப்பார்கள். அவள் வெளியே வந்து கதவைச் சாத்தியதும் செய்தி நின்றுவிடும், ஏதோ ஒரு ரயில் கூவும், யாரோ சுடுவார்கள். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஹாலில் அவள் கண்டது அந்தச் செய்திக்காரரின் வழித்துச் சீவிய தலையைத்தான்.

வேலைநாட்களில் அட்டை அப்பாவின் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் அலுவலகம் போய்விடும். ஆனாலும் பள்ளி விடுமுறை மதியங்களில் அம்மா பெட்டியைப் போடுவாள். கோடுகள் நெளியும். அவற்றின் எதிரே தரையில் உட்கார்ந்து அம்மா துணி மடிப்பாள், அவள் பொத்தான் தைப்பாள், இருவரும் படம் கேட்பார்கள். அம்மா ஆள் ஆளாக அடையாளம் சொல்வாள். 'இவன் நல்லவன் இல்லடி, மூச்சு விடறதுலயே தெரியுது பாரு.' ஒரு படத்தில் ஒரு பெண் வெகு நேரம் விம்மினாள். மடித்த துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவும் அழுதாள். பல வருடம் கழித்து, இந்த வேலைக்கு வந்த பின், அவள் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பெண் விம்மவே இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "அப்படியா? நல்லாத்தான் இருந்திருக்கா. நாமதான் அவளப் போட்டு அழ வச்சிட்டோம்," என்றாள் அம்மா.

அந்த முகப்பு இசை இப்போது ஒலித்தாலும் அவள் கைவேலை அப்படியே நின்றுவிடும். சேனலை மூடிய செய்தி வந்த அன்று அவளும் யாருக்கும் தெரியாமல் வருத்தப்பட்டவள்தான். முகப்பில் நட்சத்திரம் சுழலும், எழுத்து பொன்னிறம் என்பதெல்லாம் தம்பியின் காணொளியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இதையெல்லாம் அவள் அவனிடம் சுருக்கமாகச் சொன்னாள். அவன் பதிவறையிலிருந்து வெளியே வந்து, அவள் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான்.

"எனக்கு ஏழு வயசுக்கா," என்றான்.

"அப்பத் தெரியாது. ஒத்துக்கறேன். இப்பத் தெரியும்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். அப்பா இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை என்றான். காணொளியின் கடைசியில் அப்பாவின் படம் வருகிறது, அதைப் பார்த்து ஊரே கண்கலங்கப் போகிறது, அந்த இடத்தில் போய் அட்டை யார் பையில் இருந்தது, கதவை யார் சாத்தினார்கள் என்பதெல்லாம் எதற்கு என்றான். யாரையும் குறை சொல்ல அவனுக்கு மனசு வரவில்லையாம். இது வெறும் ஞாபகமாம்.

"யாரோட ஞாபகம்?"

 அம்மா பேசட்டும், அம்மா பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுந்து போய், வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூட்டி வந்தான்.

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டதும், வெளியே பேசுவது எதுவும் கேட்காதா என்று விசாரித்தாள். தான் இந்தப் பொத்தானை அழுத்திப் பேசினால் மட்டும் கேட்கும் என்று மகள் சொன்னாள். நல்லதாப் போச்சு, உங்கள் சண்டையைக் கேட்க வேண்டாம் என்றாள் அம்மா.

தம்பி கேள்வி கேட்டான். அம்மா தயங்காமல், திருத்தமாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா போதும், சாப்ட்ட கையோட எல்லாரும் ஹால்ல உக்காந்து சந்தோஷமா படம் பாப்பாங்க."

காற்றடிக்கும் இயந்திரம் குறுக்கிடவில்லை. பதிவு பளிச்சென்று வந்திருந்தது. தம்பி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டான்.

"'சந்தோஷமா படம்'கறதோட வெட்டிடு," என்றான். "அங்கேருந்து மியூசிக் ஏத்திடலாம்."

"மிச்சம்?"

"அதான் எல்லாருக்கும் புரியுமே."

கடைசிச் சொல்லை வெட்டிவிட்டால் பார்த்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அவள் தன் வேலையில் எத்தனையோ பேரின் இருமலை, திக்கலை, நாக்குப் பிறழ்தலை வெட்டியிருக்கிறாள். ஒரு மனுஷி தன் வாயால் தெளிவாகச் சொன்னதை வெட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவன் கூடப்பிறந்தவன். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"வெட்டணும்னா வேற கடை பாத்துக்கோ. இங்க வெட்டறதில்ல."

"ஒரே ஒரு வார்த்தைக்கா."

"அந்த ஒரு வார்த்தைலதான்டா நானும் அம்மாவும் எங்க இருந்தோம்னு இருக்கு."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு, அவளைத் தாண்டிக் கையை நீட்டிப் பேச்சுப் பொத்தானை அவனே அழுத்தினான். அவளிடம் அனுமதி கேட்கவில்லை. "அம்மா, ரொம்ப நல்லா வந்துச்சு. இன்னொரு தடவ சொல்லுங்க. கடைசில மட்டும் 'பாப்பாங்க'க்குப் பதிலா 'பாப்போம்'னு சொல்லுங்க."

அம்மா கண்ணாடி வழியாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாப்போம்னு சொல்லணுமா?"

"ஆமாம்மா. குடும்பமா இருக்கற மாதிரி இருக்கும்."

"சரிப்பா. உனக்கு அப்படி வேணும்னா சொல்றேன்," என்றாள் அம்மா. அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தரச் சொன்னாலும் இதே குரலில்தான் சரி என்பாள்.

மகளுக்குத் தம்பியின் மேல் இருந்த கோபம் அந்த நிமிடம் அம்மாவின் மேல் பாய்ந்தது. கோடுகளுக்கு எதிரே உட்கார்ந்து விம்மியவள்தானே இவள்? எப்படி இவளால் இவ்வளவு சுலபமாகச் சரி சொல்ல முடிகிறது? அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லி முடித்தாள். "...எல்லாரும் ஹால்ல உக்காந்து சந்தோஷமா படம் பாப்போம்."

தம்பி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

"பதிவாகல," என்றாள் அவள். அவள் விரல் பதிவுப் பொத்தானின் பக்கமே போயிருக்கவில்லை.

கணினி மக்கர் பண்ணுகிறதா என்று அவன் எட்டிப் பார்த்தான். அவளோ அம்மாவிடம், "பதிவாகலம்மா. இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள். அம்மா சொன்னாள். இந்த முறை வேகமாக, ஒப்பிப்பது போல. 'பாப்போம்' என்ற சொல் மட்டும் வாயில் ஏதோ கடிபட்ட மாதிரி விழுந்தது.

"இதுவும் ஆகலம்மா."

"என்னடி மிஷின் இது?"

"மன்னிச்சுக்குங்கம்மா. இன்னும் ஒரே தடவ."

தம்பி இப்போது கணினியைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா," என்றான் அடிக்குரலில். அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அம்மா ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை ஆனா போதும், சாப்ட்ட கையோட எல்லாரும் ஹால்ல உக்காந்து சந்தோஷமா படம்..."

நின்றாள். கைப்பையின் கொக்கியை ஒரு முறை திறந்து மூடினாள். அந்தக் கிளிக் ஒலியும் பதிவானது.

"பாப்போம், பாப்போம், பாப்போம். உங்கப்பாவும் இதத்தானேடா சொல்லிட்டிருந்தாரு? இந்தப் பொண்ணு கேக்கறப்பல்லாம் பாப்போம். நான் கேட்டாலும் பாப்போம். எங்கடா பாத்தோம்? அந்த மனுஷன் போய்ச் சேந்தாச்சு, அந்தச் சேனலும் போய்ச் சேந்தாச்சு. நாங்க ரெண்டு பேரும் அந்தக் கோட்டத்தான் பாத்தோம். பாக்காத படத்த எத்தன தடவ நான் பாப்போம்னு சொல்றது?"

கீழே இயந்திரம் உறுமத் தொடங்கியது. அம்மா பேசி முடித்த பிறகுதான் தொடங்கியது என்பதை அவள் திரையில் ஒலிக்கோட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

தம்பியின் முகம் வெளுத்திருந்தது. கோபப்பட முயன்றான், வரவில்லை. அதை அழித்துவிடும்படி மெதுவாகச் சொன்னான். அவள் அந்தப் பதிவைச் சேமித்து, அவன் கொண்டு வந்திருந்த பென்டிரைவில் ஒரு நகலை ஏற்றி, அவன் முன்னால் வைத்தாள்.

"போடறதுன்னா இதப் போடு. இல்லன்னா அம்மா குரலே வேண்டாம். நீயும் 'நாங்க'ன்னு சொல்லிட்டு உன் ஞாபகத்த மட்டும் போட்டுக்கோ. மூணு பேர் பாத்தீங்க, மூணு பேருன்னு சொல்லு."

அவன் பென்டிரைவைத் தொடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திக்கொண்டு, அவர்கள் இருவரின் வாயசைவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"என்னடி, இந்தத் தடவையாவது பதிவாச்சா?"

அவள் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள்.

"ஆச்சும்மா."