முகம் மாறவில்லை

...மூக்கு அரிக்கிறது, சொறியவும் முடியாது, இந்த நேரத்தில் கை மூக்குக்குப் போனால் அது எந்தச் சொல்லாகிவிடுமோ, மூலையில் பயிற்சியாளர் அக்கா வேறு கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறார், இன்று ஒழுங்காகச் செய்தால் இனி தனியாகப் போகலாம், இல்லையென்றால் இன்னும் எத்தனை காலம் அவர் பின்னாலேயே... பேசவே வேண்டாமென்றுதானே சைகைமொழி படிக்க வந்தான், இவன் வாயைத் திறக்கப் பல் டாக்டர்தான் வரணும் என்பாள் அம்மா, கையால் செய்கிற வேலை, நிம்மதி என்று நினைத்தான், கையால் சொல்வதையெல்லாம் காது கேட்பவர்களுக்கு வாயால் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளன் தான்தான் என்பது சேர்ந்த பிறகுதான் உறைத்தது, அதுவும் 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்க முடியாது, 'நான்' என்றே சொல்ல வேண்டும், சட்டையை மாட்டிக்கொள்கிற மாதிரி ஆளையே மாட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய ஆள் கீழ்வீட்டுத் தையல்காரர், பிறவியிலேயே காது கேளாதவர், மேலே குளியலறை ஒழுகி ஒழுகி அவர் தலைமாட்டில் காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது, மிச்சம் விழுவதற்குள் சரிசெய்யச் சொல்ல வந்திருக்கிறார். எதிரே மேல்வீட்டுக்கார அம்மா, தலையில் ஈரத்துண்டு.

தையல்காரரின் விரல்கள் அசைந்தன: நீங்க குளிக்கிற தண்ணியெல்லாம் என் மேலதான் விழுது, நீங்க தலைக்குக் குளிச்ச நாளக்கூட என்னால சொல்ல முடியும், நுரையே வருது. ஐயோ, இதை எப்படி ஒரு பெரிய மனுஷியிடம்... "மேலேருந்து கொஞ்சம் ஈரம் வருதும்மா," என்றான். அந்தம்மா சிரித்தபடி தலையாட்டினாள். "காத்துல ஈரம் இருக்குல்ல தம்பி, எல்லா வீட்டுலயும் அப்படித்தான்." தையல்காரர் அவள் மாறாத முகத்தைப் பார்த்தார். பிறகு இவன் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாள் இப்படித்தான் எல்லாரையும் சரிபார்க்கிறாரா, கேட்க வேண்டியதில்லை, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று முகத்தில் பார்த்துவிடுகிறாரா... விரல்கள் மீண்டும் எழுந்தன, இந்த முறை இவனைப் பார்த்து. எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமென்பது விதி, சொன்னான். "நான் சொன்னத நீ சொல்லவே இல்லையே?" "நீ என்னப்பா சொன்ன?" என்று குழம்பினாள் அந்தம்மா. மூலையில் அக்கா இருமினார். அது இருமல் இல்லை.

சரி, போகட்டும், என்ன ஆனாலும் ஆகட்டும், வாயைத் திறந்தான். "நீங்க குளிக்கிற தண்ணியெல்லாம் என் தலையிலதான் விழுது! நுரையோட விழுது! இன்னைக்குக்கூட நீங்க தலைக்குக் குளிச்சிருக்கீங்க!" அந்தம்மாவின் கை தானாகத் துண்டுக்குப் போனது, முகம் சிவந்து, வெளுத்து, "நாளைக்கே கொத்தனார வரச்சொல்றேன்," என்றாள், பிறகு இவனிடம் தணிந்த குரலில், "அதுக்கு ஏன் தம்பி நீ இந்தக் கத்து கத்துற, நீயா கீழ இருக்க?" இவன் கைகள் அதையும் தையல்காரருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அக்கா முன்னால் படியிறங்கினார். வாசலில் நின்று, "அடுத்த தடவையும் நான் கூட வரேன்," என்றார். "முதல்ல பூசி மெழுகிட்டேன், அதானேக்கா?" என்றான். "அது எல்லாரும் பண்றதுதான். ரெண்டாவது தடவை... அவர் சைகையில அவ்வளவு சத்தம் இருந்துச்சாப்பா?" யோசித்தான். இல்லை. அவர் விரல்கள் நிதானமாகத்தான் அசைந்தன, கிண்டலாகக்கூட, உதட்டோரம் சிரிப்பு இருந்தது. அப்படியென்றால் அந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது, யாரிடம் எப்போது கத்தியிருக்க வேண்டியது அது, அப்பாவிடமா, அண்ணனிடமா, அல்லது யாரென்றே இல்லாமல்... தொண்டை எரிந்தது. எரிச்சல் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.