ஆணி அடிக்காத கூரை

"டேய், நிறுத்து! சுத்தியலக் கீழ வை!"

சமையலறை வாசலிலிருந்து உஸ்மான் போட்ட சத்தத்தில் ஃபயாஸின் கை அந்தரத்தில் நின்றது. இடது கையில் ஒரு நீள ஆணியைப் பின்பக்கக் கூரையின் தூணோடு சேர்த்துப் பிடித்திருந்தான். காலடியில் வெள்ளைப் போர்வைகள் குவிந்து கிடந்தன.

"சுத்தி மறைப்பு கட்டணும் மாமா. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்துட்டாரு. தண்ணியும் சூடாயிடுச்சு."

"கட்டிக்கலாம். கயிறு போட்டுக் கட்டிக்கலாம். ஆணி வேண்டாம்."

"நாலே நாலு ஆணி மாமா..."

"ஒண்ணு கூட வேண்டாம்டா. இந்தக் கூரையில எங்கயும் ஆணி கிடையாது. உங்க அத்தா அடிக்க விடமாட்டாரு."

ஃபயாஸ் திரும்பிப் பார்த்தான். கண்கள் வீங்கியிருந்தன. "அத்தாவே போயிட்டாரு. நீங்க இன்னும் கட்டையப் பத்திக் கவலப்படுறீங்க" என்றான்.

உஸ்மான் துணிக்கொடியை அவிழ்த்து எடுத்துவந்து தூணைச் சுற்றி முடிச்சுப் போட ஆரம்பித்தார். ஃபயாஸ் பிறகு சுத்தியலைத் துளசிச் செடிப் பக்கம் வைத்துவிட்டுப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

உஸ்மானின் அக்கா ஜெய்னப்பின் கணவர் சௌகத் அலி அன்று விடியலில் காலமாகியிருந்தார். பஜ்ர் தொழுகைக்கு ஒளு செய்து, கைகால் முகம் கழுவி வந்தவர், கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டார். ஜெய்னப் என்ன ஏதென்று அருகே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சேலையூரிலிருந்து உஸ்மான் ஆட்டோ பிடித்து வந்தார். மகன் ஃபயாஸ் நாவலூரிலிருந்து மனைவி ஸஹானாவோடு வந்தான். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று.

மையித்தை, அவர் உடலை, எங்கே குளிப்பாட்டுவது என்பதில்தான் தடுமாற்றம். பள்ளிவாசலிலிருந்து வந்த பலகை வீட்டுக் குளியலறைக்குள் நுழையவில்லை. கார் நிற்கும் இடமோ தெருவைப் பார்த்து இருந்தது. ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து ஜெய்னப்பின் குரல் வந்தது.

"பின்னாடி அவரு பெவிலியன் இருக்கே. அங்க குளிப்பாட்டுங்க."

பெவிலியன் என்ற சொல் அந்த வீட்டுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். இரும்புலியூரில் அந்தத் தெரு முழுக்க அதற்குப் பெயர் 'பாய் வூட்டுக் கொட்டாய்'.

சௌகத் அலி ஜி.எஸ்.டி. ரோட்டில் தார்ப்பாய் கடை வைத்திருந்தவர். தெற்கே போகிற லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். கடையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்த வருடம், ஜெய்னப்பின் முழங்கால் அவளை மாடிப்படி ஏறவிடாமல் செய்தது. "மொட்டை மாடிக் காத்து நமக்கு இனிமே இல்லைங்க" என்று அவள் ஒரு நாள் சாயங்காலம் சொன்னாள். புலம்பலாகக்கூடச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். ஆனால் சௌகத் அலி அதைப் பிடித்துக்கொண்டார்.

பழைய வாடிக்கையாளர் ஒருவரின் தோட்டத்து வீட்டில் அந்த மாதிரி ஒன்றை அவர் பார்த்திருந்தார். நாலு பக்கமும் திறந்த, மரத்தூண்கள் தாங்கிய கூரை. துண்டு துண்டாக அறுத்து, துளை போட்டு, எண் எழுதி, கட்டுக்கட்டாக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நாம் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப்பக்கம் இருந்த மரக் கம்பெனிக்கு உஸ்மானையும் இழுத்துக்கொண்டு போனார். உஸ்மான் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மச்சான் எங்கே கூப்பிட்டாலும் போவார். கம்பெனிக்குள் நுழைந்ததும் பைன் மர வாசனை மூக்கை நிறைத்தது.

"எங்க ஆளுங்க வந்து மாட்டிக் குடுத்துடுவாங்க சார்" என்றான் விற்பனை செய்கிற இளைஞன்.

"வேணாம் தம்பி. படம் போட்டு புத்தகம் குடுக்கிறீங்கல்ல? நாங்களே பண்ணிக்கறோம்."

வெளியே வந்ததும் உஸ்மான் கேட்டார். "மச்சான், நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு ஸ்டூல் செய்யத் தெரியுமா?"

"தெரிஞ்சா செய்யறதுல என்னா இருக்கு?" என்று சௌகத் அலி சிரித்தார்.

மரம் ஏற்றி வந்த லாரி தெருவுக்குள் திரும்பவில்லை. முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். உத்திரங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த மனை முழுக்க ஒரு காலத்தில் அவருடைய அப்பாவின் வயலாக இருந்தது.

"இன்னா பாய், கப்பல் கட்டப் போறியா? இந்தாண்ட ஏரி ரொம்பிச்சுன்னா ஏறிக்கலாம்னா?"

"உனக்கும் ஒரு எடம் உண்டு. ஒரு பக்கம் புடி."

அன்றிலிருந்து மூன்று பேராகிவிட்டார்கள். தூணின் துளைக்குள் உத்திரத்தின் நாக்கைச் செருகி, குறுக்கே மரமுளையை அடித்து இறக்க வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. முதல் தடவை எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தால், மொத்தமும் ஒருபக்கமாகச் சாய்ந்து, நடக்கத் தெரியாத ஒட்டகம் மாதிரி நின்றது. அரிகிருஷ்ணன் தரையைக் குறை சொன்னார். உஸ்மான் கம்பெனிக்காரனைக் குறை சொன்னார். சௌகத் அலி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் புத்தகத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜெய்னப்தான் சொன்னாள். "அந்தச் சாய்வுக் கட்டை மட்டும் தலைகீழா இருக்கு பாருங்க. மத்தது எல்லாம் அப்படி இல்லியே."

மூன்று ஆண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் சொன்னதுதான் சரி. திரும்ப அத்தனையையும் பிரிக்க வேண்டியிருந்தது. ஜெய்னப் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா அப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து உஸ்மான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

கூரை ஏறி முடிந்த அன்று சாயங்காலமே மழை வந்தது. நாலு பேரும் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தார்கள். பலகை மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. சௌகத் அலி உஸ்மானின் காதருகே குனிந்து கத்தினார்.

"வாழ்க்கை பூரா சுருட்டி எடுத்துக்கிட்டுப் போற கூரையைத்தானே வித்தேன் மச்சான். இது நிக்கும்!"

நிற்க வைப்பதற்குத்தான் எவ்வளவு பாடு. முதல் கோடையில் தூணில் நீளமாக வெடிப்பு விட்டபோது மனிதர் சாப்பாடே இறங்காமல் கிடந்தார். மரம் காயும்போது அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று கம்பெனியில் சொன்ன பிறகும் தினமும் வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்ப்பார். ஸஹானா வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினின் அட்டைப்பெட்டியை யாரோ தூணில் சாய்த்து வைத்ததில் கரையான் ஏறியது. அடிப்பாகத்தை அறுத்து, வேறு மரம் ஒட்டுப்போட்டுத் தேற்றினார். ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் வருமுன் ஏணி போட்டு ஏறி எண்ணெய் பூசுவார். உஸ்மான் ஏணியைப் பிடித்துக்கொள்வார். யாராவது ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கலாமா என்று கேட்டால் போதும். "மரத்துக்குள்ளயே மரம் புடிச்சு நிக்குது. இரும்பு எதுக்கு?" என்பார்.

போர்வைகள் நாலு பக்கமும் கட்டியாயிற்று. அரிகிருஷ்ணன் மண்வெட்டி கொண்டுவந்து, தண்ணீர் ஓடிப்போக வாழை மரத்துப் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்தார். தன் வீட்டில் காய்ச்சிய வெந்நீரை அண்டாவோடு கொண்டுவந்து மறைப்புக்கு வெளியே வைத்துவிட்டு, "பாத்து ஊத்துங்கோ, சூடு ஜாஸ்தியா கீது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே ஹஜ்ரத், உஸ்மான், ஃபயாஸ் மூன்று பேர் மட்டும். இடுப்பிலிருந்து முழங்கால்வரை துணி போர்த்தியிருந்தது. ஹஜ்ரத் மெதுவான குரலில் சொல்லச் சொல்ல, இலந்தை இலை போட்ட தண்ணீரை உஸ்மான் ஊற்றினார். முதலில் வலது பக்கம். மச்சானின் தோள் இவ்வளவு இளைத்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டார். உத்திரம் சுமந்த தோள்.

வலது கையைக் கழுவும்போது ஃபயாஸ் நிறுத்தினான். நகக்கண்களில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துணியால் தேய்த்தான். போகவில்லை.

"இது என்ன மாமா?"

"எண்ணெய்டா. தூணுக்குப் பூசுறது. ஞாயித்துக்கிழமை பூசினாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தா ஃபயாஸுக்கு போன் செய்திருந்தார், வந்து ஏணி பிடித்துக்கொள்கிறாயா, உஸ்மானுக்கு ஜுரம் என்று. ஆபீஸ் வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவன் சொன்னது உஸ்மானுக்குத் தெரியும். அரிகிருஷ்ணன்தான் வந்து பிடித்தார். ஃபயாஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, தன் கட்டைவிரல் நுனியால் மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"போதும் தம்பி" என்றார் ஹஜ்ரத். "தண்ணி பட்டாப் போதும். மரத்து எண்ணெய்தானே. இருக்கட்டும்."

ஃபயாஸ் கையை விடவில்லை. உஸ்மான் அவன் முதுகில் கை வைத்தார். பிறகுதான் விட்டான். கற்பூரம் கலந்த கடைசித் தண்ணீரை அவனே ஊற்றினான்.

கஃபன் துணி இட்டு, அத்தர் தடவி, கூடத்தில் வைத்தபோது ஜெய்னப் வந்து முகத்தைப் பார்த்தாள். ஸஹானா தோளைப் பிடித்திருந்தாள். ஜெய்னப் அழவில்லை. அவர் தாடியில் நின்ற ஒரு நீர்த்துளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைக்கப் போனவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். சந்தூக் பெட்டி தெருவில் இறங்கியது. தோள் மாறி மாறிக் கொண்டு போனார்கள். அரிகிருஷ்ணனும் தெருமுனை வரை தோள் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பியபோது உஸ்மானின் விரல்களில் மண் காய்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். வீட்டுக்குள் சத்தம் அடங்கியதும் ஃபயாஸ் அம்மாவின் முன் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நாவலூர் வந்துடுங்க. இத்தா அங்கயே இருங்க. ஸஹானா பாத்துப்பா. இங்க தனியா எப்படி?"

கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல் இருக்க வேண்டிய காலம் அது. ஜெய்னப் மகனின் தலையில் கை வைத்தாள்.

"பதினோராவது மாடில ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நாலு மாசம் நிக்கணுமாடா? ஹஜ்ரத்துகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. இத்தால பின்பக்கம் போய் உக்காரலாமா?"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஹஜ்ரத்துக்கு அது கேட்டது. "சுத்துச்சுவருக்குள்ளதானேம்மா. தாராளமா உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப நான் இங்கயே இருக்கேன்" என்றாள் ஜெய்னப்.

"நான் கூட இருக்கேன்" என்றார் உஸ்மான். "சேலையூர்ல எனக்காக யாரு சோறு வச்சுக்கிட்டுக் காத்திருக்கா?"

ஃபயாஸ் ஸஹானாவைப் பார்த்தான். ஸஹானா தலையை அசைத்தாள். "அப்ப நாங்களும் இங்கருந்தே ஆபீஸ் போறோம் மாமா" என்றான். "மாடி ரூம் சும்மாதானே இருக்கு."

ஜெய்னப் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உஸ்மான் முழங்கையைத் தாங்கிக்கொள்ள, சமையலறையைக் கடந்து படி இறங்கினாள். போர்வைகளை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. கற்பூர வாசனை போகவில்லை. ஃபயாஸ் மூன்று நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்து, காலை மெல்ல நீட்டிக்கொண்டாள். ஸஹானா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தூறல் பிடித்தது.

டீயில் ஆடை படிந்தது.

ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழ்வாகப் பறந்தது. மூவரும் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே கூரைதான் இருந்தது. சத்தம் செம்பாக்கம் பக்கம் போய்த் தேய்ந்து ஓயும்வரை ஒருவரும் தலையைத் தாழ்த்தவில்லை.