மேட்டில் ஏறிய பெட்ரோல்

பள்ளிப்பட்டிலிருந்து டிராக்டரில் ஏற்றிவந்து, அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைத் தேவகி திருத்தணியில் வேணுவின் பட்டறை வாசலில் இறக்கியபோது முதலில் வந்தது பெட்ரோல் வாடைதான். வண்டி பிறகுதான் கண்ணில் பட்டது. கருஞ்சிவப்பு டேங்க், இரட்டை சைலன்சர், இரண்டு கார்புரேட்டர். நாற்பது வருஷத்து வண்டி.

“ரெண்டு பக்கமும் சொட்டிகினே கீதுண்ணா. அடுப்பு பத்த வெக்கவே பயமா கீது.”

“பெட்ரோல் டேப்பை மூடி வெக்க வேண்டியதுதானேம்மா?”

“மூடித்தான் கீது. டேங்க்ல ஒரு சொட்டு இல்ல.”

வேணு நம்பவில்லை. வண்டி கொண்டுவருகிறவர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள்.

வண்டி அவள் கணவன் முருகவேலுடையது. தை மாதத்தில் ஒரு ராத்திரி கனகம்மாசத்திரம் பக்கம் ஏதோ ஒரு வண்டி அவனை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. விடிந்த பிறகு பால்காரர் பார்த்தபோது உயிர் இல்லை. இடித்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் கிடந்த வண்டியை ஆனி மாதம்தான் திருப்பிக் கொடுத்தார்கள். விற்க மனசில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை என்றாள் தேவகி.

அவள் போனதும் வேணு வேலையைத் தொடங்கினான். கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் உண்டு. பெட்ரோல் நிறைந்தால் உள்ளே மிதவை எழும்பும், அது ஒரு ஊசியைத் தூக்கி வழியை அடைக்கும். ஊசி தேய்ந்தாலோ, தூசு சிக்கினாலோ, மிதவை ஓட்டையானாலோ பெட்ரோல் வழிந்து வெளியே வரும். இடது பக்க ஊசி தேய்ந்திருந்தது. வலது பக்க மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் களகளவென்றது. இரண்டையும் மாற்றினான். கிண்ணங்களுக்குக் கசிவை அடைக்கும் புது கேஸ்கெட் போட்டு, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிச் சோதித்தான். ஒரு சொட்டும் விழவில்லை. நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது வண்டிக்கு அடியில் உள்ளங்கையளவு ஈரம்.

மறுநாள் டேப்பைக் கழற்றினான். சொட்டியது. டேங்கையே இறக்கிக் கவிழ்த்து வைத்தான். அப்போதும் சொட்டியது. கிண்ணங்களைக் கழற்றித் துணியால் துடைத்து, விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். காய்ந்த உலோகம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளிம்பில் ஒரு துளி திரண்டு, கனத்து, கீழே விழுந்தது. வெளியே மத்தியான வெயில். மலையேறும் காவடிக்காரர்களின் அரோகரா கேட்டது.

அப்போதுதான் அவன் தரையைப் பார்த்தான்.

பட்டறைக்குச் சிமெண்ட் போட்டபோது கழுவுகிற தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும் என்று தெருப்பக்கம் சரிவு வைத்தவன் அவன்தான். பெட்ரோல் தெருப்பக்கம் போகவில்லை. நூல் பிடித்தாற்போல மேட்டில் ஏறி, பின்சுவர் மூலையில் கிடந்த கோணிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. துடைத்தான். கொஞ்ச நேரத்தில் அதே தடத்தில் மறுபடி ஏறியது.

கோணியைத் தூக்கினான். அடியில் பழைய இரும்பு. மேலாகக் கிடந்தது, அவன் அக்கா வரலட்சுமியின் கணவர் வெங்கடேசனுடைய லோடு ஆட்டோவின் முன் கம்பி. “மாடு முட்டிடுச்சிடா, புதுசு போடு” என்று தை மாதம் வந்து மாற்றிக்கொண்டு போனார். வளைந்த இடத்தில் கருஞ்சிவப்புப் பெயிண்ட். இடுக்கில் ஒரு சிறு ஆரஞ்சு கண்ணாடித் துண்டு. வேணு அதை எடுத்து, முருகவேல் வண்டியின் உடைந்த இண்டிகேட்டரில் வைத்துப் பார்த்தான். முனைகள் பிசகாமல் பொருந்தின.

பிறகு வெங்கடேசனுக்குப் போன் செய்தான். “பாவா, கொஞ்சம் பட்டறைக்கு வந்துட்டு போங்க.”

வெங்கடேசன் சிரித்துக்கொண்டேதான் வந்தார். வாசற்படியில் கால் வைத்தவர் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது எப்படிடா இங்க வந்துச்சு?”

“இந்த வண்டிய உங்களுக்குத் தெரியுமா பாவா?”

தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலைக்குப் போய்க்கொண்டிருந்த ஈரக்கோடு நடுவில் நின்று, திரும்பி, அவர் காலை நோக்கி வந்தது. அவர் ஓரடி பின்னால் வைத்தார். கோடும் ஓரடி வந்தது. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். அதுவும் வளைந்தது. கதவில் முதுகு மோதியதும் அவர் முகம் கோணிப்போனது.

“உயிர் இருந்துச்சுடா வேணு. நான் இறங்கிப் பாத்தேன். தண்ணி கேட்டான். வண்டில பாட்டில் இருந்துச்சு. குடுக்கணும்னுதான் போனேன்... அப்படியே வண்டிய எடுத்துட்டேன்.”

பிறகு அவர் அழுதார். அக்காவை நினைத்துப் பார், பொண்ணு கல்யாணத்தை நினைத்துப் பார் என்று வேணுவின் கையைப் பிடித்தார். அவர் கையில் பெட்ரோல் வாடை அடித்தது. அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

“ஸ்டேஷனுக்கு நீங்களே போயிடுங்க பாவா,” என்றான் வேணு. “நீங்க போகலன்னா நான் போவேன்.”

அவர் போகவில்லை. இருட்டும்வரை பார்த்துவிட்டு, வேணு முதலில் பள்ளிப்பட்டுக்குப் போய்த் தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னான். வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து தறியை நிறுத்தினாள்.

“தண்ணி கேட்டாரா?” என்றாள்.

“ஆங்.”

இருவருமாகப் போய்ப் புகார் கொடுத்தார்கள். மறுநாள் போலீஸ் வந்து கம்பியையும் வண்டியையும் எடுத்துப் போனது. தூக்கி ஏற்றும்போது வண்டி காய்ந்திருந்தது. தரையில் கறைகூட இல்லை. வெங்கடேசன் மட்டும் கைதாகி உள்ளே போனதிலிருந்து சாப்பாட்டில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவதாக வக்கீல் சொன்னார்.

வரலட்சுமி தம்பியோடு பேசுவதை விட்டுவிட்டாள். பட்டறை வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஐப்பசி மழையில் ஒருநாள் குடையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

“ஏன்டா, அன்னிக்கி அவரு வீட்டுக்கு வந்ததும் எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் இன்னா பண்ணியிருப்பேன்? போய்க் காப்பாத்துன்னு அனுப்பியிருப்பேனா? இல்ல, மூடி மறைச்சிருப்பேனா?”

வேணு கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் குடையை மடக்காமலே உட்கார்ந்தாள்.