இன்னொரு தடவை புகை

1

இந்தக் கதை ஒரு நாள்காட்டியிலிருந்து வந்தது. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் தொங்கியது. ஆற்று வளைவில் பழைய நீராவி ரயில். அதன் தலைக்கு மேலே கொழுகொழுவென்று கறுப்புப் புகை. பக்கத்து நாற்காலிக்காரர் வீங்கின கன்னத்தோடு, "என்ன அழகு பாருங்க" என்றார். அந்தப் புகை எப்படி வந்தது என்று அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கட்டும் என்று காத்திருந்தால் கதை ஆறிப்போய்விடும்.

முதல் வாக்கியம்: வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல ஆறு

[அடித்துவிட்டேன். வெள்ளியாம், உருக்கினார்களாம்.]

இன்னொன்று: அந்த ரயிலின் கூவல் நம் இளமைக் காலத்தை

[இதையும். எழுதின கையை உடைக்க வேண்டும்.]

2

ஆளைச் சொல்லிவிடுகிறேன். அவள் புகைப்படக்காரி. விடுமுறை நாட்களில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாகப் போகும் அந்த ரயிலைப் படமெடுப்பது அவள் வேலை. வளைவு வந்ததும் எல்லாரையும் இறக்கிவிட்டு, ரயில் காலியாகப் பின்னால் போய், மறுபடி ஓடி வரும். படத்துக்காக மட்டும். அவள் கையைத் தூக்கினால், எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் நெருப்பின்மேல் கரித்தூளைக் கொட்டிக் காற்றை அடைத்துவிடுவான். குபுகுபுவென்று கறுப்பாக வரும்.*

* ஒழுங்காக எரிகிற நெருப்புக்கு இவ்வளவு புகை கிடையாது. வேண்டுமென்று கெடுத்தால்தான் வரும். இதைப் போய் அடிக்குறிப்பில் போடுகிறேன் பாருங்கள்.

அந்த ஃபயர்மேன் அவளுடைய தம்பி.

[முதலில் அவனை யாரோ ஒருவனாகத்தான் வைத்திருந்தேன். அவள் பாட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள், எனக்கும் உறுத்தவில்லை. கூடப்பிறந்தவனாக்கின பிறகுதான் வலிக்கிறது. நம் இரக்கத்தின் லட்சணம் அவ்வளவுதான்.]

3

அன்று காலை எஞ்சின் கொட்டகையில் அவனுக்கு இருமல் வந்தது. எஞ்சின் படியைப் பிடித்துக் குனிந்தவன் நிமிர வெகுநேரமாயிற்று.

"டாக்டர் என்னடா சொன்னார்?"

"இனிமே புகையைக் குடிச்சா நுரையீரல் தாங்காதுன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"சரி டாக்டர்னேன்." சிரித்தான். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும்தானேக்கா. வளைவுல ஒரே ஒரு தடவை. மூக்குல ஈரத்துணி கட்டிக்கிறேன், போதுமா?"

"கட்டாம இருந்தே, அங்கேயே வந்து அறைவேன். பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்."

4

பார்த்தாள். அதுதான் வினையாயிற்று.

ரயில் மரங்களைத் தாண்டி வந்தது. ஆற்றுநீரில் பட்ட வெயில் அவள் கண்ணைக் கூசவைத்தது. தம்பி துணி கட்டியிருக்கிறானா என்று பார்க்க, நெற்றிக்கு மேலே கையை வைத்தாள். அவ்வளவுதான். தூரத்திலிருந்து அவனுக்குத் தெரிந்தது தூக்கின கை. கரியைக் கொட்டிவிட்டான். ஆற்றுக்காற்று அவ்வளவு புகையையும் அப்படியே எஞ்சினுக்குள் திருப்பியது. வளைவுக்கு ரயில் வந்தபோது மேலே வெறும் வெள்ளை ஆவிதான் மிச்சம்.

ரயில் நின்றது. ஓடினாள். அவன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். துணி கழுத்திலேயே கிடந்தது. டிரைவர் அவன் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"கை தூக்கினியேக்கா," என்றான், மூச்சு வந்ததும். "துணியைக் கட்டுறதுக்குள்ள தூக்கிட்டே."

"தூக்கலடா. வெயில் அடிச்சுது. உன்னைத்தான் பார்த்தேன்."

இந்த ரயில் பயணத்தை நடத்தும் மேலாளர் வந்து சேர்ந்தார். "மேடம், புகையெல்லாம் மரத்துக்கிட்டயே போயிடுச்சு. இன்னொரு தடவை விட்டுடலாம்."

"அவனுக்கு முடியலை."

"இதுக்காகத்தானே மேடம் இத்தனை பேர் வந்திருக்காங்க? அவரையே கேளுங்க, முடியாதுன்னா சொல்றாரு?"

"போடுறேன் சார்," என்றான் தம்பி.

"நீ வாயை மூடுடா!" மேலாளரைவிட அவன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. ஆனால் விசில் ஊதியாயிற்று. ரயில் பின்னால் நகர்ந்தது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் கேமராவை ஆற்றில் வீசுகிறாள். [நன்றாயிருக்கிறது. அடுத்த வாரம் வேறொருத்தி வந்து கை தூக்குவாள்.]

மேலாளர் மனம் மாறி அவன் தோளில் கைபோட்டு [எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.]

திடீரென்று மழை [நான் செய்ய வேண்டியதை மேகத்தின் தலையில் கட்டுவதா? போடா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.]

அவள் கை தூக்கவில்லை, ரயில் புகையில்லாமல் [இது சரியாக வரும்போலிருந்தது. அப்போதுதான் அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டம் எழுத்துக்குள் புகுந்து, "புகை எங்கே, புகை எங்கே" என்று கத்த ஆரம்பித்தது. அதில் பாதிப் பேர் அவர்களே கையைத் தூக்கிவிட்டார்கள்.]

6

ஆகவே அவளை அங்கிருந்து விலக்கிவிட்டேன். இனிமேல் அவளை வதைக்க என்னால் ஆகாது. கொட்டகை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு.

அவள் நின்ற இடம் காலியாக இருக்கிறது. வந்து நில்லுங்கள். ஆமாம், உங்களைத்தான். ஆரம்பத்தில் நான் கறுப்புப் புகை என்றதும் நீங்களும்தானே எட்டிப் பார்த்தீர்கள்? பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ரயில் மரங்களைத் தாண்டிவிட்டது. அவன் ஷவல் நிறையக் கரியோடு, உடம்பை வெளியே நீட்டி, உங்களையே பார்க்கிறான். இந்தத் தடவையும் துணி கட்டவில்லை. ஆனால் உங்கள் தூரத்துக்கு அது தெரியாது; கட்டியிருக்கிறானா என்று பார்க்க உங்களுக்கும் தோன்றும், வெயில் உங்கள் கண்ணிலும் அடிக்கும்.

கையைக் கீழேயே வையுங்கள்.