மேம்பாலத்தில் இளைத்த வண்டி

மேம்பாலத்தில் பாதி ஏறியிருந்தபோது வண்டி இளைத்தது. கண்ணாடியம்மா ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினாள். இன்ஜின் உறுமவில்லை. ‘ம்’ என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள். நத்தை வேகம். முதல் கியருக்கு மாற்றுவதற்குள் வண்டி நின்றேவிட்டது. கிளட்சை விட்டதும் ஒரு குலுக்கு குலுக்கி இன்ஜின் அணைந்தது.

பின்னால் பஸ் அலறியது. வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்தது. பிரேக்கில் ஏறி நின்றவள் கை பிரேக்கையும் இரண்டு கையாலும் இழுத்தாள். வண்டி வெடுக்கென்று நின்றது. முதுகுக்குப் பின்னால் சாய்வுச் சட்டத்தில் கட்டியிருந்த ஜன்னல் கண்ணாடிகள் நழுவி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து நொறுங்கின. அந்தச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

பக்கத்து சீட்டிலிருந்த மருமகள் அதற்குள் கதவைத் திறந்து குதித்துவிட்டாள். பாலத்தோரம் கிடந்த கல்லைத் தூக்கி வந்து, பஸ்ஸுக்கும் வண்டிக்கும் நடுவில் குந்தி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

பஸ் டிரைவர் தலையை நீட்டினான். “பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். வீட்ல ஆம்பளை இல்லையா?”

“இருக்கான். உனக்கு எதுக்கு?” என்றாள் கண்ணாடியம்மா.

கடையில் அறுத்துக் கொடுக்கும் கண்ணாடிகளைக் கட்டடம் எழும் இடங்களுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவள் தொழில். மகன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே பழைய டீசல் பிக்கப்தான். மருமகள் கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் கூட வந்தாள். ஒருநாள் ஆள் வராததால் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்தாள். பிறகு விடவேயில்லை. கண்ணாடி தூக்கும் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து ஒரே நேரத்தில் விட வேண்டும். மாமியார் மருமகளுக்குள் அது எப்படியோ படிந்துவிட்டது.

பஸ் விலகிப் போனதும், வழியில் போனவர்கள் கைகொடுக்க, வண்டியைப் பின்னாலேயே இறக்கிச் சமதரைக்குக் கொண்டுவந்தார்கள். சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. கண்ணாடியம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. நேராக மெக்கானிக் கடைக்கு விட்டாள்.

அந்த மெக்கானிக்குக் கடைத்தெருவில் சத்தக்காரர் என்று பெயர். இன்ஜின் ஓடும்போது பேசிப் பேசி, ஓடாதபோதும் அதே குரலில்தான் பேசுவார். அன்றைக்கு அவரையே அவள் தூக்கிச் சாப்பிட்டாள்.

“போன வாரம் சர்வீஸ்னு என்னத்தையா கிழிச்சே? பாலத்துல நடுவுல நின்னுபோச்சு. அத்தனை கண்ணாடியும் போச்சு. பஸ்ஸு ஏறியிருந்தா எங்க ரெண்டு பேரையும் கூட்டித்தான் அள்ளியிருக்கணும். திருட்டு ஃபில்டர் போட்டியா? இல்ல, பழசையே கழுவி மாட்டிட்டியா?”

கடை முன்னால் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தக்காரரின் முகம் கறுத்தது.

“அக்கா, வார்த்தைய அளந்து பேசு. இந்தக் கடையில யாரும் என்னைத் திருடன்னு சொன்னதில்ல.”

“இன்னிக்கு நான் சொல்றேன்.”

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் தகரத் தட்டில் வீசி எறிந்தார். பானெட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டரை உருவி அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினார். புதுசு. வெள்ளை மாறவில்லை. டீசல் ஃபில்டரின் அடியில் திருகைத் தளர்த்தி டீசலைக் கண்ணாடி தம்ளரில் பிடித்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, தூசி இல்லை.

“பாலத்துல புகை வந்துச்சா?”

“இல்ல.”

“கறுப்பா?”

“கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. பின்னால பஸ்ஸுதான் வந்துச்சு.”

“காத்து அடைச்சிருந்தா கரும்புகை கக்கும். டீசல் போதலைன்னா திக்கித் திக்கி இழுக்கும். இது ரெண்டும் பண்ணலை. அப்போ இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. நீ மிதிக்கிறது அதுக்குப் போய்ச் சேரலை.” மருமகளைப் பார்த்தார். “அம்மா, நீ ஏறி ஆக்சிலேட்டரை முழுசா மிதி. எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்காதே.”

மருமகள் மிதித்தாள். டீசல் பம்பின் பக்கத்திலுள்ள சின்ன லிவரை ஆக்சிலேட்டர் கேபிள் இழுத்தது. லிவர் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அது போய்த் தொட வேண்டிய திருகுக்கு இன்னும் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. சத்தக்காரர் ஆள்காட்டி விரலால் லிவரை மிச்ச தூரமும் தள்ளினார். இன்ஜின் கடைத்தெரு அதிர உறுமிற்று.

“கேட்டுக்கோ உன் இன்ஜினை!” என்று கத்தினார்.

விரலை எடுத்துவிட்டு, கேபிளைப் பிடித்திருந்த நட்டைக் காட்டினார். பழுப்பேறிய நட்டின் முனைகளில் மட்டும் புதுக் கீறல் பளபளத்தது. “பத்தாம் நம்பர் ஸ்பானர் போட்டிருக்கு. தானாக் கழண்டிருந்தா நட்டு லூசா இருக்கணும். இது கேபிளைத் தளர்த்தி விட்டு, மறுபடியும் இறுக்கி வெச்சது. தெரிஞ்சவன் தெரிஞ்சே செஞ்ச வேலை. எனக்கப்புறம் இதை யாரு தொட்டா?”

“யாரும் தொடலை. என் வண்டிய யாரு தொடுவா?”

மருமகள் இன்னும் காலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். “நேத்து அவரு வண்டி கழுவினாரு, அத்தை. பானெட்டையும் திறந்து வெச்சிருந்தாரு. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தறேன்னாரு.”

கண்ணாடியம்மாவுக்குக் காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. பிறகு இறங்கியது.

சத்தக்காரர் கேபிளை இறுக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்தாள். “தொடாதே. அப்படியே இருக்கட்டும்.”

“பைத்தியமா உனக்கு? இதோட பாலத்துல ஏத்தாதே, அக்கா.”

“நான் ஏத்தலை,” என்றாள்.

மகன் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை செய்பவன். மாலையில் தோளில் கருவிப் பையோடு வந்து செருப்பைக் கழற்றினான். அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தா குடேன்.”

அவன் கை தானாகப் பைக்குள் போயிற்று. பாதியில் நின்றது.

“எதுக்கும்மா?”

“நீ எதுக்கு எடுத்தியோ அதுக்குத்தான்.”

மறைக்க முயலவில்லை அவன். நாலு வார்த்தை தடுமாறினான், பிறகு அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. “ஆமா, நான்தான் செஞ்சேன். உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். போன மாசம் சைட் கேட்டுல இடிச்சே. அதுக்கு முன்னாடி சைக்கிள்காரன் மேல ஏத்த இருந்தே. அங்க இருக்கற சூப்பர்வைசர் எனக்கு போன் பண்ணி, ‘உங்கம்மாவ வீட்ல உட்கார வைப்பா’ங்கறாரு. வேகம் குறைஞ்சா அடியும் குறையும்னு நினைச்சேன். வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு நீயே வித்துடுவேன்னு நினைச்சேன். லிஃப்டுல கூட வேகம் மீறினா தானாப் பிடிச்சு நிறுத்தறதுக்கு ஒண்ணு இருக்கும்மா. அது மாதிரிதான் இது.”

“லிஃப்டுக்குப் பின்னால பஸ்ஸு வருமாடா?”

அவனுக்குப் பாலத்தில் நடந்தது தெரியாது. மருமகள் சமையலறையிலிருந்து வந்து சொன்னாள். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கல்லைத் தூக்கி வந்ததையும் சக்கரத்தடியில் குந்தியதையும் சொன்னபோது அவன் இடைமறித்தான்.

“நீ ஏன் அங்க போய்…”

“நான் எங்க போறது? தினமும் அந்த வண்டியிலதானே போறேன். இடது பக்கத்து சீட்டுல ஒருத்தி உட்கார்ந்திருக்கான்னு நட்டைத் திருகறப்போ ஞாபகம் வரலையா உங்களுக்கு? அம்மாவுக்கு நல்லது பண்ணீங்க, சரி. எனக்கு என்ன பண்ணீங்க?”

அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் அம்மா சாவியை அவன் முன்னால் வைத்தாள். “நொறுங்கின கண்ணாடி இன்னும் வண்டியிலேயே கிடக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் உடைசல் வாங்கறவன் இருக்கான். நீ ஓட்டு.”

“கேபிளை முதல்ல சரி பண்ணிடறேன்.”

“தொடாதே. நீ வெச்ச மாதிரியே ஓட்டு.”

மருமகள் வரவில்லை. “ஒரு தடவை பட்டது போதும்,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாலத்தின் அடிவாரத்தில் மகன் நல்ல வேகத்தில்தான் ஏறினான். கால்வாசி ஏறியதும் வண்டி இளைத்தது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி. அதன் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அவன் மிதியைப் பலமுறை உதைத்தான்.

“ஏறலைம்மா!”

“தெரியும்.”

“பின்னால லாரிம்மா!”

“அந்த டிரைவர்கிட்ட போய்ச் சொல்லு, ‘உங்க நல்லதுக்குத்தான்’னு.”

முதல் கியருக்கு முன்கூட்டியே மாற்றியதால் வண்டி அணையாமல் ஊர்ந்தது. பாலத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் வந்ததும் ஒதுக்கி நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, குதித்து இறங்கி அவனே சக்கரத்துக்குக் கல் வைத்தான். லாரிக்காரன் கடந்து போகும்போது அவன் பிறப்பைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனான். மகன் பானெட்டைத் திறந்து ஸ்பானரை நட்டில் மாட்டப் பார்த்தான். மாட்டவில்லை. கை அவ்வளவு நடுங்கியது.

அதைப் பார்த்தால் வயிறு குளிரும் என்றுதான் அவள் இரவெல்லாம் நினைத்திருந்தாள். குளிரவில்லை. பெற்ற பிள்ளையின் கை நடுங்குவதை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்ததற்கும் சேர்த்துக் கோபம்தான் வந்தது.

கேபிளை இறுக்கியதும் வண்டி பாலத்தில் குதித்து ஏறியது.

உடைசலைக் கொட்டிவிட்டு, உடைசல்காரனின் தூசி பறக்கும் முற்றத்தில் இருவரும் கையுறைகளைக் கழற்றினார்கள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா,” என்றாள்.

“சொன்னா கேப்பியா?”

“மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். நீயும் போட்டிருக்கணும். நாலு நாள் கத்தி, மூஞ்சியத் திருப்பி, யாராவது ஒருத்தர் ஜெயிச்சிருப்போம். அதை விட்டுட்டு, நான் தூங்கறப்போ என் கால்ல கயித்தைக் கட்டிவிட்ட மாதிரி…” அவளுக்கு மூச்சு வாங்கியது. “என் கண்ணு சரியில்லைன்னு எனக்குத் தெரியாதா? இடது பக்கம் மங்கலா இருக்கு. உன் பொண்டாட்டிதான் ‘சைக்கிள் அத்தை, ஆட்டோ அத்தை’ன்னு சொல்லிக்கிட்டே வர்றா. எனக்குத் தெரியும்டா! நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலையே நீ!”

உடைசல்காரன் எடை போடுவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, இப்போ கேக்கறேன்,” என்றான் மகன், அதுவும் கத்தலாகத்தான்.

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, அப்போ!”

டாக்டரிடம் போகும் வழியில் அவள் சத்தக்காரர் கடையில் நிறுத்தச் சொன்னாள். இறங்கி, “நேத்து பேசினது தப்பு, தம்பி. மன்னிச்சுக்கோ,” என்றாள்.

அவர் நிமிரவில்லை. “திட்டினப்போ தெருவுக்கே கேட்டுச்சு. இப்போ எனக்கே கேக்கலை.”

அவள் பல்லைக் கடித்தாள். பிறகு, டீக்கடை வரை கேட்கும்படி, “இவரு திருடன் இல்ல! என் வீட்டுல இருக்கறவன் செஞ்ச வேலை! நான்தான் தெரியாம வாயை விட்டேன்!” என்று கத்தினாள். வண்டிக்குள் மகன் தலையைக் குனிந்துகொண்டான். சத்தக்காரர் ஒரு தடவை தலையசைத்தார். முகம் மட்டும் இளகவில்லை.

இடது கண்ணில் புரை என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரிக்கும்வரை வாடகை டிரைவர் ஒருவனை வைத்து மருமகளே தொழிலைப் பார்த்துக்கொண்டாள். கணவனிடம் அளந்துதான் பேசினாள். காபியைக் கொண்டுவந்து வைப்பாள், ‘ஆறிடும்’ என்பதைக்கூடச் சொல்ல மாட்டாள்.

டாக்டர் சரி என்ற மறுநாளே கண்ணாடியம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். மகன் வாசலில் வந்து நின்றான். “ஆயில் பாக்கட்டுமா, அம்மா?”

“வேண்டாம்.”

“இன்னும் கோபம் தீரலையா?”

“தீரலை,” என்றாள். “மூஞ்சிக்கு நேரா கேட்டே பாரு, அது நல்லது. தினமும் கேளு. தீர்ந்ததும் சொல்றேன்.”

மருமகள் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். “எனக்கும் தீரலை,” என்றாள் ஜன்னல் வழியாக. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.